பாராட்டினால் வெட்டிவிடுவார்கள்

1

இந்தக் கதை என் ஜன்னலைத் தட்டிக்கொண்டு வந்தது. விடிவதற்குள் பக்கத்து வீட்டு மஹ்லியோ, கழுத்தில் கேமரா ஊசலாட, வெளியே நின்றாள்.

"அண்ணே, கிளம்புங்க. நான் வாயைத் திறந்தா பொத்தணும். அதான் உங்க வேலை."

நமங்கான் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் பல வருஷம் குப்பை கொட்டிய தமிழனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டும். இங்கே விருந்தாளி ஒரு பொருளை "அழகு" என்று சொல்லிவிட்டால், வீட்டுக்காரர் அதைக் கொடுத்தே தீருவார். (என் வீட்டுத் தேநீர்க் கெண்டிகள் அத்தனையும் வாய்தவறிச் சம்பாதித்தவை.)

இதை எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படித்தான் இருந்தது: இருளில் பளீரென்று ஒரு கத்தி—

[அடித்துவிட்டேன். கத்தி அல்ல, கத்தரி. அதுவும் இப்போதே வரக்கூடாது.]

2

சொலிஹா பெரியம்மாவின் தோட்டம். ராத்திரி பெய்த ஆலங்கட்டி மழை ஊர்ப் பூக்களைத் துவைத்துப் போட்டிருந்தது. இங்கே தப்பியது ஒரே ஒரு மஞ்சள் ரோஜா. புகைப்படப் போட்டிக்கு இன்றே கடைசி நாள். பூ செடியிலேயே இருக்க வேண்டும், சூரிய வெளிச்சம் மட்டும், பிளாஷ் கூடாது. ஜெயித்தால் பூத்திருவிழாவில் மஹ்லியோ பெயரோடு படம் தொங்கும். தோற்றால் மாமா ஸ்டூடியோவில் கல்யாணம் கல்யாணமாக லைட் பிடிக்க வேண்டியதுதான்.

"எப்படி இருக்கு என் ரோஜா?" என்றாள் பெரியம்மா.

"ம்... இருக்கு, பெரியம்மா" என்றாள் மஹ்லியோ.

"இருக்கா? ஆலங்கட்டிக்கே அசராத பூடி!"

"நிறம்தான் கொஞ்சம் சோகையா..."

"சோகை உனக்கு வரப்போற மாமியாருக்கு!"

[இவளை வில்லியாக்க முடியவில்லை. வில்லிக்குப் பழைய பகை வேண்டும். இவளிடம் இருப்பதோ வெறும் பாசம். பகை என்றால் போலீஸைக் கூப்பிடலாம். பாசத்துக்கு யாரைக் கூப்பிடுவது?]

3

மஹ்லியோ ஈரமண்ணில் குப்புறப் படுத்தாள். வெயில் மண்சுவரேறிக் குதித்து, திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்து, ரோஜாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. இதழ்களின் நரம்பெல்லாம் தெரிந்தது.

"அடடா!"

சொன்னது அவள் இல்லை. நான்! வாய் பொத்த வந்தவன்!

தமிழில்தான் சொன்னேன். பெரியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரிந்ததே, அது போதாதா?

"அப்படிச் சொல்லுங்க தம்பி! உங்களுக்கில்லாததா?" என்றபடி இடுப்புத்துணியிலிருந்து கத்தரியை உருவினாள். காம்பை நோக்கி அது வாயைப் பிளந்தது.

4

முடிவு அ: சரக். மொட்டைக் காம்பு. மஹ்லியோவின் கண்ணில்—

[மாட்டேன். அடுத்த வீட்டில் குடியிருக்க வேண்டியவன் நான்.]

முடிவு ஆ: நான் பாய்ந்து கத்தரியைத் தட்டிவிடுகிறேன்.

[என் தொப்பைக்கு இது சாத்தியமில்லை.]

நடந்தது இது. படுத்த இடத்திலிருந்தே மஹ்லியோ கத்தினாள்:

"பெரியம்மா! எவ்வளவு அழகான கத்தரி!"

பெரியம்மா உறைந்தாள். கத்தரியைப் பார்த்தாள். ரோஜாவைப் பார்த்தாள். "படுபாவிப் பொண்ணே!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு, மரபு தவறாமல் கத்தரியை அவள் கையில் வைத்தாள். வெயில் இன்னும் அங்கேயே இருந்தது. கேமரா மூன்று முறை கண் சிமிட்டியது.

5

பரிசு கிடைத்ததா என்கிறீர்களா? நடுவர் நீங்கள்தான். படம் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. எதிரே மஹ்லியோ நகம் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பிடித்திருந்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள். தவறியும் "அழகு" என்று சொல்லிவிடாதீர்கள். அவளும் இந்த ஊர்க்காரிதான். படத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, மாமாவுக்கு லைட் பிடிக்கப் போய்விடுவாள்.

ம்... பாருங்கள்.