தேடுறாராம்

மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரைக் கம்பெனியே கூட்டி வந்திருந்தது. அண்ணிக்கு பிரெஞ்சு மட்டும்தான் தெரியும், மேனேஜருக்கு அது சுத்தமாகத் தெரியாது. அண்ணி என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனாலும் அண்ணன் கட்டியவள் அண்ணிதானே. சலவை ஆலையில் எனக்குப் பக்கத்து மேசை. நானே சொல்கிறேன் என்றதற்கு, சொந்தக்காரி பேச்சு செல்லாது என்று வாயை அடைத்துவிட்டார்கள். சுவரோரமாக நிற்கலாமாம்.

புகார் சூப்பர்வைசர் மேல். அண்ணி மடித்து வைத்த விரிப்புகளை மட்டும் தினமும் கலைத்துப்போட்டு, மறுபடி மடிக்கச் சொல்வான். நேற்று அவள் கூடையைத் தூக்கி அவன் காலடியில் வீசிவிட்டாள். புகார் உண்மை என்று காட்டாவிட்டால் அவள் வேலை போய்விடும். அவனும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, "இல் மெ ஷெர்ஷ்" என்றாள்.

"இவங்கள அவர் தேடுறாராம் சார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மேனேஜர் சிரித்தார். "ஆளத் தேடுறது சூப்பர்வைசர் வேலதானேம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த மனுஷனுக்கு அகராதி தெரிகிறது, சண்டை தெரியவில்லை. அண்ணனோடு அவள் போடும் சண்டையில்தான் நான் பிரெஞ்சே கற்றேன். மூக்குக்கு நேரே நிற்கிற அண்ணனிடம் அவள் இதே வார்த்தையைச் சொல்லித்தான் கத்துவாள். அங்கே யாரும் யாரையும் தேடியதில்லை.

"தேடுறது இல்ல சார்! வம்புக்கு இழுக்கிறான்னு அர்த்தம்!"

"நீ சும்மா இரு," என்று மேனேஜர் பேனாவைத் திறந்து, புகார் தள்ளுபடி என்று எழுத ஆரம்பித்தார்.

அண்ணிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் பேனா புரிந்தது. எழுந்து, சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பொரிந்து தள்ளினாள். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அட்சர சுத்தமாகக் கேட்டான்: "தூ மெ ஷெர்ஷ்?"

பாவி! பிரெஞ்சு தெரிந்துகொண்டே இத்தனை நேரமும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இப்பச் சொல்லுங்க," என்று மொழிபெயர்ப்பாளரிடம் கத்தினேன். "அதே வார்த்தைதானே! கண்ணெதிர்ல நிக்கிறவர இவங்க எதுக்குத் தேடணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னையே வம்புக்கு இழுக்கிறியான்னு கேக்கிறார் சார்."

மேனேஜர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அண்ணிக்கு வேலை உண்டு, திங்கள் முதல் வேறு ஷிப்ட். அவனிடம், "கொஞ்சம் பாத்து நடந்துக்கப்பா" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அவனுக்கு என்ன தண்டனை என்று அண்ணி கேட்டாள்.

"ரியேன்," என்றேன். ஒன்றுமில்லை.

நான் தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்து, மறுபடி கேட்டாள்.