மூன்று மணிப் புகை

தையல்காரியின் ஜன்னலில் அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டியவள் தெருக்கோடி நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இளைப்போடு வருவதைப் பார்த்துப் பொறுக்காமல், தெருவில் பதினோரு வீடுகளில் மாட்டினாள். காற்றில் எவ்வளவு தூசு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து எல்லார் போனுக்கும் அனுப்பும் பெட்டி.

முதல் வாரமே குட்டு வெளிப்பட்டது. நாள் முழுக்க நாற்பது, ஐம்பது என்று கிடக்கும் எண், பிற்பகல் மூன்றானால் நானூறைத் தாண்டும். நாலரைக்கு அடங்கும். காற்று வரும் பக்கம் இருந்தது ஈயம் உருக்கும் ஆலை ஒன்றுதான்.

அங்கே புகையை வடிகட்டும் விசிறியைப் பார்த்துக்கொள்பவன் தையல்காரியின் புருஷன்.

"மூணு மணிக்கு நீங்கதான் நிறுத்தறீங்களா?"

"மேனேஜர் சொல்றாரு, நிறுத்தறேன். விசிறி ஓடினா உலைச்சூடு இறங்குதாம்."

"நம்ம பொண்ணு மூச்சுக்குத் திண்டாடுறது தெரியலையா?"

அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "அதான் சொல்றேன். புகார் கொடுக்கிறதுன்னா கொடுங்க. நான் தடுக்கல."

தெருக்காரர்கள் கொடுத்தார்கள். அதிகாரிகள் சரியாக மூன்று மணிக்கு வந்து இறங்கினார்கள். விசிறி நின்றிருந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியாது, இவன் சோம்பேறித்தனம்" என்று மேனேஜர் கையைக் கழுவிவிட்டார். வாய் வார்த்தையாகச் சொன்னதற்கு ஏது சாட்சி? பெட்டியில் இருந்தது நேரமும் எண்ணும்தான். நிறுத்தச் சொன்னவன் குரல் அதில் இல்லை. புருஷன் வேலை போனது, வழக்கும் அவன்மேல் விழுந்தது. நர்ஸ் வந்து வாசலில் நின்றாள். அழுதுவிட்டுப் போனாள்.

இருபது நாள் எண் அடங்கிக் கிடந்தது. அதற்கப்புறம் ஒரு காலை, ஆறு மணிக்கு முந்நூற்று எண்பது.

"நேரத்தை மாத்திட்டாங்க" என்றான் புருஷன். மறுபடி புகார் கொடுக்கலாமென்று நர்ஸுக்கு எழுதப் போனை எடுத்தவளைப் பார்த்துச் சொன்னான்: "என் இடத்துல யாரைப் போட்டிருக்காங்க தெரியுமா? உன் தம்பியை."

மத்தியானம் வேலை முடிந்து வந்த தம்பியைப் பிடித்து உட்காரவைத்தாள். "நிறுத்தச் சொல்லும்போது போன்ல பதிவு பண்ணிடுடா."

"போனை கேட்லயே வாங்கி வச்சுக்கிறாங்க, அக்கா. மாமா விஷயத்துக்கு அப்புறம்தான் அந்தச் சட்டம்."

"அப்ப நீ வேலையை விட்டுடு."

போன மாதம் பிறந்த குழந்தை அவனுக்கு. அவன் எழுந்து போன பிறகும் வெகுநேரம் போனை வெறித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மகளுக்கு இருமல் தொடங்கி, நிற்காமல் நீண்டது.

அந்தப் புகாரை நர்ஸுக்கு எழுதி அனுப்பிவிட்டுத் தம்பி வீட்டுக்கு நடந்தாள், அவனிடம் தன் வாயாலேயே சொல்ல.