23-சி இருக்கையில் ஒரு துண்டு

விமான இருக்கைக்கு அடியில் தினமும் கையை விடுகிறவளுக்குத்தான் மனுஷ லட்சணம் முழுசாகத் தெரியும். மென்று ஒட்டிய சூயிங்கம், குழந்தையின் நனைந்த டயப்பர், பாதி கடித்த முறுக்கு, ஒரு தடவை ஒரு பல் செட்டு. உயிர்காப்பு உடை வைப்பதற்கென்று இருக்கிற பையில் இத்தனையும் திணித்துவிட்டுப் போவார்கள். சென்னை விமான நிலையத்தில் எட்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. பயணிகள் ஏறுவதற்கு முன்னால் உள்ளே போய், தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, ஆக்சிஜன் பாட்டிலில் அழுத்தம் இருக்கிறதா, டார்ச் எரிகிறதா, முதலுதவிப் பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா, நூற்று எண்பத்தாறு இருக்கைக்கும் கீழே உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொடுக்கிற நேரம் இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் பின்னால் துப்புரவுக்காரர்கள், முன்னால் சாப்பாட்டு வண்டி, கதவருகில் ஒருவர் நின்றுகொண்டு "முடிஞ்சுதா மேடம், முடிஞ்சுதா மேடம்" என்று பிடுங்குவார். கோபம் வராமல் வேறு என்ன வரும்?

இந்த மாதம் பதிமூன்றாம் தேதி தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். ஒரு விமானத்தில் 23-சி இருக்கையின் பையைத் திறந்தால் உள்ளே உயிர்காப்பு உடை இல்லை. அந்த இடத்தில் பச்சைக்கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று. அழகாக நாலாக மடித்து, அளவெடுத்து வைத்தது போல இருந்தது.

அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் அஜித்குமார். எங்கள் பிரிவில் என்னைவிட ஏழு வயது சின்னவன், மூன்றாவது முயற்சியில் இப்போதுதான் லைசென்ஸ் தேர்வில் தேறியிருந்தான். அவனைத் தற்காலிகமாக நீக்கினார்கள். திங்கட்கிழமை விசாரணை. திருட்டு என்று ஏட்டில் ஏறிவிட்டால் இந்தத் தொழிலில் அவனுக்கு ஒரு வாசலும் திறக்காது.

அவனுக்கு எதிராக இருந்தது முக்கியமாக ஒரே காகிதம். அதை எழுதிக் கொடுத்தவள் நான். "பதினோராம் தேதி காலை நான் சோதித்தபோது 23-சி இருக்கையில் உடை இருந்தது. பயணி எடுத்திருந்தால் பை காலியாகத்தான் இருக்கும். துணியை மடித்து வைத்துப் பை நிறைந்திருப்பது போலக் காட்டுவது, எப்படிச் சோதிக்கிறோம் என்று தெரிந்த உள்ளாள் வேலை" என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, "சுபஸ்ரீன்னா சுபஸ்ரீதான்" என்றார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை விடுப்பு. ஷார்ஜாவில் கிரேன் மெக்கானிக்காக இருக்கும் என் அக்கா புருஷன் தனசேகரன் இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்திருந்தார். பார்க்கவே வரவில்லை என்று கமலா அக்கா போனில் தினமும் திட்டித் தீர்த்ததால், திருக்கோவிலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து மணலூர்பேட்டை போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் கரும்பு டிராக்டர் முன்னால் போய், பஸ் அதன் பின்னால் ஊர்ந்து, அந்த எரிச்சலோடுதான் வாசலில் செருப்பை விட்டேன்.

உள்ளே நுழைந்ததும் பார்த்தது அதைத்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில், குடைக்குப் பக்கத்தில், மஞ்சள் நிற உயிர்காப்பு உடை தொங்கியது. அக்கா அதற்குக் குங்குமப் பொட்டு வேறு வைத்திருந்தாள்.

"மாமா, இது இன்னா?"

"ஃப்ளைட்டுல இருந்துச்சிம்மா" என்றார் மாமா, டீயை ஆற்றிக்கொண்டே. "சீட்டுக்கு அடியில இருக்குதுன்னு அந்தப் பொண்ணு நின்னுகினு போட்டே காட்டுச்சில்ல."

"அதுக்கு? வூட்டுக்கு எடுத்தாந்துடுவீங்களா?"

"கம்பளியக்கூட நான் எடுக்கல. மடிச்சி வச்சிட்டுதான் எறங்குனேன். இத மட்டுந்தான்."

உடையை ஆணியிலிருந்து பிடுங்கித் திருப்பினேன். பின்பக்கம் எங்கள் பிரிவில் மார்க்கரில் எழுதும் விமான எண். தணிக்கையில் மாட்டிய அதே விமானம். "எந்த சீட்டு?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய், பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்த போர்டிங் பாஸை எடுத்து வந்து நீட்டினார். நாலாம் தேதி. 23-சி.

சிவப்புப் பட்டையை வேறு இழுத்திருக்கிறார். "ஒரு தபா இழுத்துப் பாத்தேன், டப்புனு வூதிகிச்சி. அப்பறம் அமுக்கி அமுக்கிக் காத்த எடுத்தோம். நல்ல சாமான்மா" என்றார்.

"இனிமே இழுத்தா வூதாது மாமா! உள்ள இருக்கிற சின்ன சிலிண்டரு ஒரு தபாக்கு மேல வேல செய்யாது. இது இனிமே எதுக்கும் ஒதவாது. யாருக்காக எடுத்தாந்தீங்க இத?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சாத்தனூரு டேம தொறந்து பெண்ணையாத்துல வெள்ளம் வந்துச்சே, அப்போ நான் அங்க ரூம்ல ஃபோனப் புடிச்சிகினு ஒக்காந்திருந்தேன். ஒங்கக்காளும் பொண்ணும் மொட்டமாடில நிக்கிறது வீடியோல தெரியுது. கீழ வூட்டுக்குள்ள தண்ணி. அப்பிடியே சார்ஜ் போயி கட்டாயிடுச்சி. ஒன்றர நாளு, இருக்காங்களா இல்லியான்னு தெரியாமக் கெடந்தேன். அந்தப் பொண்ணு இதப் போட்டுக் காட்டும்போது எனக்கு வேற ஒண்ணும் தோணலம்மா."

திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தையில் பாதியை விட்டுவிட்டேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. "வூட்டுல ரெண்டு பேரு இருக்காங்க. ஒண்ண எடுத்தாந்தா போதுமா?"

"பக்கத்து சீட்டுல ஆளு இருந்தாரும்மா" என்றார், நான் என்னவோ அசிங்கமாகக் கேட்டுவிட்டது போல. "அவுரோடத எப்பிடி எடுக்கறது? தப்பில்ல?"

இந்த மனுஷனை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"அந்தப் பையில துண்டு வச்சது யாரு?"

மாமாவின் முகத்தில் லேசான வெட்கம். "நான்தான். பைய வெறுசா வுட மனசு வரல. ஏனத்த வெறுசா திருப்பித் தரக்கூடாதுன்னு ஒங்கம்மா சொல்வாங்கல்ல. கையில இருந்தது துண்டுதான். புதுசும்மா, ஒரு தபாதான் தோச்சது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான். ஒருவர் கிண்ணத்தில் குழம்பு கொடுத்து அனுப்பினால், கழுவி, ஒரு பிடி சர்க்கரையோ நாலு முருங்கைக்காயோ வைத்துத்தான் திருப்பிக் கொடுப்போம். சென்னைக்குப் போயும் நான் அதை விடவில்லை. போன வாரம்கூடக் கீழ்வீட்டுக்காரம்மாவின் டிபன் பாக்ஸில் ஐந்து பேரீச்சம்பழம் போட்டுத்தான் கொடுத்தேன். எடுத்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டுப் போகிற ஆட்களின் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இது உள்ளாளின் தந்திரம் என்று எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்தும் போட்டேன்.

அதைவிடக் கேவலம் இன்னொன்று. நாலாம் தேதி வைத்த துண்டு அது. ஐந்து, எட்டு, பதினொன்று என்று மூன்று காலைகளில் அந்த விமானத்தைச் சோதித்தவள் நான். பையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நூற்று எண்பத்தாறு பையை இருபத்தைந்து நிமிஷத்தில் யார் திறப்பது? வெளியிலிருந்து ஒரு அமுக்கு அமுக்குவேன். மெத்தென்று இருந்தால் உடை இருக்கிறது, அடுத்தது. மூன்று தடவையும் மாமாவின் துண்டைத்தான் அமுக்கிவிட்டு 'உள்ளது' என்று டிக் போட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அஜித்குமார் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இப்பிடிப் பாத்துக்கினு இருந்தா ஃப்ளைட்டு நாளைக்குத்தான் போவும், அமுக்கிப் பாருடா" என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்ததும் நான்தான்.

விஷயத்தை இருவருக்கும் சொன்னேன். கமலா அக்காவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "அதுக்கு நம்ம வூட்டு ஆளு பேரக் கொண்டுபோயி எழுதிக் குடுப்பியா? இருவதாந்தேதி அவுரு திரும்பிப் போவணும். கேஸு கீஸுன்னு ஆனா ஏர்போர்ட்டுலயே நிறுத்திடுவாங்க. எவனோ ஒருத்தனுக்காக ஒன் அக்கா குடும்பத்தக் கெடுப்பியாடி?"

"எவனோ ஒருத்தன் இல்லக்கா. அவன் ஒண்ணுமே பண்ணல."

"ஒனக்கு யாரு ஜாஸ்தி?"

இந்தக் கேள்வியை யார்தான் கண்டுபிடித்தார்களோ! எதற்கெடுத்தாலும் குடும்பத்தில் இதை ஒன்று கேட்டுவிடுகிறார்கள். நான் பதிலுக்குக் கத்துவதற்குள் மாமா குறுக்கே வந்தார். "கமலா, சும்மா இரு. நான் தூக்கியாந்த சாமானுக்கு அந்தப் பையன் பேரு கெடணுமா?" பிறகு என்னைப் பார்த்து, "நானே வந்து சொல்லிடறேன்மா. போலீசுல புடிச்சிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியல மாமா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

"சரி, வரேன்" என்றார். அக்கா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்ட ஆரம்பித்தாள்.

நான் மொட்டைமாடிக்குப் போய் அஜித்குமாருக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான். உடை கிடைத்துவிட்டது, எடுத்தவர் என் அக்கா புருஷன், துண்டும் அவருடையதுதான், திங்கட்கிழமை வந்து சொல்கிறோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் என்னை நாலு திட்டு திட்டுவான், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"அக்கா" என்றான். "நான் வைக்கலன்னு மொதல்ல ஒங்ககிட்டதான் வந்து சொன்னேன். நீங்க தல நிமிரவே இல்ல. ஷீட்டயே பாத்துக்கினு இருந்தீங்க."

ஆமாம். அன்றைக்கு ஆக்சிஜன் பாட்டில் கணக்கு ஒன்று இடித்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழம வாயால சொல்லாதீங்க" என்றான். "எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனாதான் நம்புறாங்க."

போனை வைத்துவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதுவும் எரிச்சலாக இருந்தது, இதில் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று.

கீழே இறங்கி வந்து அக்கா பெண்ணின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அவுரு பேர மொதல்ல எழுதிடாதடி" என்றாள், குரல் இறங்கி.

"இல்லக்கா. மொதப் பேரு என்னுது."

எழுதினேன்: 'ஐந்து, எட்டு, பதினொன்று ஆகிய தேதிகளில் 23-சி இருக்கையின் பையைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டவள் சுபஸ்ரீயாகிய நான்.'