உப்பு அம்பாரத்துக் கலைமான்

நட்சத்திரத்தின் வெளிச்சம் கடிதத்தின்மேல் விழும் அந்த நேரத்தில், வீட்டில் ஒருவரும் ரெமிஜியுஸின் முகத்தைப் பார்ப்பதில்லை.

யாரும் வகுத்த விதியன்று. யாரும் யாருக்கும் சொன்னதுமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை. வாசலில் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு எரியத் தொடங்கியதும் நால்வரும் கிறிஸ்து பிறப்புக் குடிலின் முன் அமர்வார்கள். இப்போதெல்லாம் மகன் லெவின் கடிதத்தை வாசிப்பான். மனைவி பெல்சியாவின் கண்கள் குடிலில் இருக்கும். மகள் ஜெனோவாவின் கண்கள் நட்சத்திரத்தில். லெவினின் கண்கள் தாளில். ரெமிஜியுஸின் முகம் மட்டும் தன்பாட்டுக்கு இருட்டில் இருக்கும்.

வெளியே தூத்துக்குடியின் மழை. மழைக்கு அப்பால் உப்பளம். உப்பளத்தில் பனையோலை போர்த்திய வெள்ளை உப்பு அம்பாரங்கள். மழை வலுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் சன்னலுக்கு ஓடுவார்கள். "ஓலை போட்டாச்சு. ஒண்ணும் ஆகாது" என்பார் ரெமிஜியுஸ்.

அந்த அம்பாரங்களில் ஒன்றில்தான் கலைமான் வசிக்கிறது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுத்து வந்த மான் அது. ஜெனோவா பள்ளியில் சேர்ந்த ஆண்டில், மேகத்துக்குள் வழி தவறி, உப்பைப் பனியென்று நம்பி இறங்கிவிட்டது. ‘ஒரு வாய் நக்கினேன். கரித்தது. ஐயோ என்று இன்னொரு வாய் நக்கினேன்’ என்று தன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தது. அதன்பின் அதற்கு வடக்கே போக மனமில்லை.

ஆண்டுக்கொரு கடிதம். பூநாரைகளிடம் ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டு, மீதி மூன்று கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழுந்த கதை. உப்பு லாரியில் மதுரைவரை போய், வைகையில் தண்ணீரைத் தேடிவிட்டுக் குளிக்காமலே திரும்பிய கதை. கொம்பின் நுனியில் குத்திக்கொண்ட மக்ரூன் இனிப்பை எட்டமுடியாமல் காக்கைகளுக்கு விருந்து வைத்த கதை.

பகலில் ரெமிஜியுஸ் அதிகம் பேசுபவரல்லர். உப்பளத்தில் மேற்பார்வை வேலை. வெயில், வெண்மை, வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயில். கண்ணைச் சுருக்கியே பழகிய முகம். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு மான் துள்ளுவதை டிசம்பரில்தான் அவரே அறிவார்.

கடிதத்தை இடக்கையால் எழுதுவார். எழுத்து கோணும். குளம்பால் எழுதினால் கோணத்தானே செய்யும்? கையொப்பத்துக்கு, கேக்குக்கு வாங்கிய முந்திரியில் ஒன்றைப் பிளந்து, இரு பாதிகளையும் மையில் தோய்த்து அருகருகே அழுத்துவார். குளம்படி.

அந்த ஒரு முந்திரியை அடுப்படி மேடையில் தனியே எடுத்து வைத்துவிட்டு, பெல்சியா வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அவளும் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு ஜெனோவா அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம் மழை விட்டிருந்தது. ரெமிஜியுஸ் ஏணியில் நின்று நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். சன்னலுக்கு உட்புறம் பிள்ளைகள் குடில் வைத்துக்கொண்டிருந்தார்கள். முளைவிட்ட கேழ்வரகு புல்லாகியிருந்தது. மற்ற வீடுகளில் பனிக்குப் பஞ்சு. இந்த வீட்டில் உப்பு.

"யக்கா, மான் கடுதாசிய அப்பாதான எழுதுறாங்க?" லெவினின் குரல்.

"இப்பதான் தெரிஞ்சுதால ஒனக்கு?"

"போன வருசமே தெரியும். கடுதாசில முந்திரி வாசம் அடிச்சுச்சு. நக்கிக்கூடப் பாத்தேன்."

"சீ, நீயும் அந்த மானும்! தெரிஞ்சா தெரிஞ்ச மாதிரி இருந்துக்க. வாசிக்கும்போது அப்பா மூஞ்சியப் பாத்துராத, என்ன? பாவம், வெக்கப்படுவாங்க."

ஏணியின்மேல் கை நின்றது. கயிறு நின்றது. ஓலைக்கூரையிலிருந்து ஒரு துளி மட்டும் நிற்காமல் விழுந்தது.

பிள்ளைகளுக்காகத் தாம் அந்த மானைக் காத்துவருவதாக அவர் எண்ணியிருந்தார். பிள்ளைகளோ அவருக்காக அதைக் காத்துவந்திருக்கிறார்கள். தாங்கள் வளர்ந்ததை மறைத்துக்கொண்டு. கண்களை எங்கெங்கோ வைத்துக்கொண்டு.

போதும் என்று தோன்றியது. இனி அவர்களை அதைச் சுமக்கச் சொல்லக் கூடாது. இறக்கிவிட வேண்டும்.

எழுதி முடித்திருந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினார். புதிய தாள் எடுத்தார். இடக்கை அன்று மெதுவாக நகர்ந்தது. முந்திரியைப் பிளக்கும்போது ஒரு பாதி நொறுங்கியது. குளம்படி நொண்டியாகவே பதிந்தது.

மாலை. விளக்கு. நட்சத்திரத்தின் சிவப்பும் மஞ்சளும் தாளின்மேல். குடிலில் உப்பு ஈரக் காற்றுக்குக் கசியத் தொடங்கியிருந்தது. லெவின் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

‘அன்புள்ள ஜெனோவா, லெவின், இந்த மழையில் என் மலை கரைந்துகொண்டிருக்கிறது. படுக்க இடமில்லை. பூநாரைகளிடம் வழி கேட்டுவிட்டேன். வடக்கே போகிறேன். அங்கே பனி கரிக்காது என்பது ஒன்றே வருத்தம். இனிக் கடிதம் வராது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும்...’

குரல் நின்றது. மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

பெல்சியாவின் கண்கள் குடிலில். லெவினின் கண்கள் தாளில். ரெமிஜியுஸ் இருட்டில் காத்திருந்தார். பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள் என்று நினைத்தார். அந்த மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

ஜெனோவாவின் கண்கள் நட்சத்திரத்தை விட்டு இறங்கின. சன்னலில் நிற்கவில்லை. குடிலிலும் நிற்கவில்லை. அவள் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, தந்தையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"யக்கா! பாத்துட்ட!" என்றான் லெவின்.

"ஆமா, பாத்தேன்." பார்வையை அவள் எடுக்கவில்லை. "அப்பா, ஓலை போட்ட அம்பாரம் என்னைக்கு கரைஞ்சிருக்கு?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? மானு லாரில போச்சுன்னு எழுதுங்க, மக்ரூன் தின்னுச்சுன்னு எழுதுங்க. இப்படிப் பொய் எழுதாதீங்கப்பா." அவள் குரல் உடைந்து, உடனே சேர்ந்துகொண்டது. "நல்லதா வேற எழுதுங்க. நான் காலேஜ் போனாலும் எழுதணும்."

பெல்சியா சிரித்துவிட்டாள். குடிலிலிருந்து அவள் கண்களும் திரும்பின. "பையில என்னமோ துருத்திட்டு நிக்குது பாருங்க" என்றாள்.

ரெமிஜியுஸின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. காற்றில் நட்சத்திரம் ஒருமுறை சுழன்றது. அதன் வெளிச்சம் கடிதத்தை விட்டு நகர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாக, ஈரமாயிருந்த அவர் முகத்தின்மேல் விழுந்தது.

மூவரும் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள்.