தெருவுக்கு ஒரு ஸ்டாப்பிங்

அப்பாவின் நீலத் துண்டை மகள் வாசல் கதவில் கட்டிக்கொண்டிருந்தாள். வெளியூர் உறவினர்களுக்கு வீடு தெரிய வேண்டுமே. இந்தக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. அதே வெளிர்மஞ்சள் சுவர், அதே பழுப்புக் கதவு, வாசலில் அதே உயரத்துக்குக் கத்தரித்த செடி. கதவில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. இன்று யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

கூடத்தில் அப்பா படுத்திருந்தார். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஊரின் கோணல் சந்தெல்லாம் அத்துப்படி. இங்கே, நேர்கோடு போட்ட மாதிரி இருக்கும் தெருக்களில் வழி தவறினார். "உங்க அப்பா மூணாவது தெருவுல ஒரு வீட்டுல இருக்காரு மேடம்" என்று காவலாளி போன் செய்வார். கேட்டால், "எல்லாம் ஒரே டிப்போ வண்டியா நிக்குது. நம்பர் பாத்துத்தான் ஏறணும் போல" என்பார் அப்பா. மகள் சிரிக்கவில்லை. மறதி நோய் என்றே பயந்தாள். அம்மா போன பிறகு இங்கே கூட்டிவந்து, ஆளில்லாத இடத்தில் தனியாகப் போட்டுவிட்டோமோ என்ற கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இன்று இன்னும் அதிகமாக.

மூன்றாவது தெரு நர்ஸம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார். கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் பார்க்காமலே போட்டார். மேல் அலமாரியைத் திறந்து டம்ளர்களை எடுத்தார்.

"எங்க வீடும் இதேதாம்மா. கண்ணக் கட்டி விட்டாலும் டீ போட்டுருவேன். நீ உக்காரு."

மகள் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவும் மொத நாள் தெரியாமத்தான் வந்தாரு. நேரா சோபாவுல உக்காந்து பேப்பரப் பிரிச்சு, டீ குடும்மான்னாரு. போட்டுக் குடுத்தேன். சக்கர தூக்கலா இருந்ததும்தான் நிமிந்து பாத்தாரு."

"அப்புறமும் மறந்து மறந்து வந்தாரா?"

"மறதியா, அவருக்கா? மறுநாள் பெல் அடிச்சு, இது என் வீடுதானேன்னு கேட்டாரு. மூஞ்சி பூரா சிரிப்பு. ஆமாங்க, உள்ள வாங்கன்னேன். எங்க வீடு மட்டும் இல்ல. தெருவுக்கு ஒரு ஸ்டாப்பிங் வச்சிருந்தாரு மனுஷன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ காவலாளிய அனுப்பி இழுத்துட்டுப் போயிருவியாம்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். இரண்டையும் அடக்கவில்லை.

"வண்டிய நேரா மெயின் கேட்டுக்கு விடச் சொல்லாத. தெருத் தெருவா போகட்டும். இங்க நடந்து வர முடியாதவங்க நாலு பேரு வாசல்ல நிப்பாங்க" என்றார் நர்ஸம்மா, டீயை நீட்டி.

மதியம் அப்பாவை ஏற்றிய வண்டியில் மகள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது தெருவில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். "இங்க கொஞ்சம் நிறுத்துங்கண்ணா" என்றாள். மூன்றாவதில் நர்ஸம்மா முன்பே போய் நின்றிருந்தார். நான்காவதில், கம்பு ஊன்றிய ஒருவரைப் பார்த்ததும் டிரைவரே நிறுத்தினார்.

"இன்னும் எத்தன எடத்துல நிக்கணும்மா?"

"தெரியலண்ணா. மெதுவாப் போங்க."

கண்ணாடியை இறக்கிவிட்டு, அடுத்த தெருவில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்தாள்.