தண்ணீரில் விட்ட சோறு

சீவரத்தினத்துக்கு ஒரு விரால் மீன் வேண்டியிருந்தது. ஊரில் கேட்டவர்கள் சிரித்தார்கள். சுற்றிவரக் கடல் கிடக்கிற யாழ்ப்பாணத்தில், புகையிலைத் தோட்டம் செய்கிற ஒருவன் குளத்து மீனுக்கு நாயாய் அலைகிறானாம். சிரித்தவர்களைக் குறை சொல்லி என்ன? அவர்கள் வீட்டில் நாற்பது நாள் பிள்ளை ஒன்று பாலில்லாமல் சுருங்கிக்கொண்டு கிடக்கவில்லை.

உலக யுத்தம் தொடங்கி நாலாவது மார்கழி அது. அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான். கடல் கொந்தளித்துக்கொண்டு கிடந்தபடியால் சாவகச்சேரிச் சந்தையில் மீன் பலகைகள் கழுவி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கருவாடு இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அதைக் கண்ணாலும் காட்டக் கூடாது என்றார் வைத்தியம் பார்த்த பரியாரியார். "விராலைப் பிடிச்சு இரசம் வைச்சுக் குடும். பால் ஊறும். வேறை வழி எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆட்டுப்பாலைப் பஞ்சில் தோய்த்து விட்டுப் பார்த்தார்கள். பிள்ளை அதைக் கக்கியது.

இதற்குள் இன்னொரு தடை. பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள், சீவரத்தினத்தின் மனைவி குணலட்சுமியின் தாய் இரத்தினம்மா செத்துப்போனாள். காய்ச்சலில் போனாள் என்று ஊர் சொன்னது. காய்ச்சல் ஐந்து நாள்தான் இருந்தது. பட்டினி அதற்கு முன்னால் மூன்று மாதம் இருந்தது. தன் கூப்பன் அரிசியை மகளுக்குக் கஞ்சியாக்கி ஊற்றிவிட்டு, முருங்கையிலை அவித்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு, "எனக்குப் பசியில்லைப் பிள்ளை" என்று சொன்ன பொய்க்காரி அவள். செத்த பிறகு அடுக்குப்பானைக்குள் ஒரு கொத்துப் பச்சையரிசி முடிச்சாகக் கிடந்தது. பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாளுக்கென்று சேர்த்தது. சாவீட்டில் யார் பெயர் வைக்கிறது? பிள்ளை பெயரில்லாமலே கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் மட்டும் வீட்டில் மீன் மச்சம் புழங்காது. பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று குருக்களே சொல்லிப் பார்த்தார். குணலட்சுமி கேட்கவில்லை. "அம்மா எனக்காக வாயைக் கட்டினவ. நான் அவவுக்காக ஒரு மாதம் கட்டமாட்டேனே?" என்றாள். கட்டினாள். பாலும் நின்றது.

ஆகவே சீவரத்தினம் நாளை எண்ணினான். அந்தியேட்டி முடிகிற அன்றே, பொழுது சாய முன், சட்டியில் விரால் இருக்கவேண்டும். அடுத்த நாள் என்றால் பிள்ளை தாங்காது. அதன் அழுகை இப்போதே பூனைக்குட்டியின் முனகலாய்ப் போயிருந்தது.

மீன் பிடிக்கிற வித்தை அவனுக்குத் தெரியும். இளவயதில் வன்னிக்கு நெல் அரிவு வெட்டப் போன காலங்களில் கற்றது. தூண்டிலைக் கொண்டுபோய் நின்றவுடன் மீன் வந்து தொங்காது. முதலில் இரை போட்டு மீனைப் பழக்கவேண்டும். தவிட்டை மணக்க வறுத்து, பிண்ணாக்கோடு சேர்த்து, புற்றுமண் போட்டுப் பிசைந்து, தேங்காயளவு உருண்டையாக்கி எறியவேண்டும். மண் சேர்ந்தால்தான் உருண்டை உடையாமல் அடிக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையும். ஒரே இடம், ஒரே நேரம். நாலு நாள் விடாமல் போட்டால், பிறகு நீ போக முன்னமே மீன் வந்து நிற்கும் என்பார்கள் வன்னியார். விரால் இந்தச் சோற்றுக்கும் தவிட்டுக்கும் வருகிற சாதியல்ல. ஆனால் சோற்றுக்குச் சின்னக் கெண்டை வரும், கெண்டையைத் தின்ன விரால் வரும். அப்போது தவளைக்குஞ்சைக் கொளுவித் தூண்டிலை இறக்கினால் போதும்.

கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் எங்கே போவது? அந்த வருஷம் தவிட்டைச் சலித்துச் சனம் ரொட்டி சுட்டது. எள்ளுப் பிண்ணாக்கை இடித்துப் பனங்கட்டியோடு பிள்ளைகளுக்குக் கொடுத்தது. மாட்டுக்கு வைக்கோலும் மனிதனுக்கு மாட்டின் தீனியும் என்று ஆகிவிட்ட காலம்.

முதலில் தேங்காய்ப்பூச் சக்கையை மண்ணோடு பிசைந்து போட்டான். சக்கை மிதந்து கரைக்கு வந்தது. கறையான் புற்றை வெட்டிப் புழுவோடு எறிந்தான். இரண்டு ஆமை வந்தன. கடைசியில் பசுமாட்டுக்கு ஒளித்து வைத்திருந்த அரைத்துண்டுப் பிண்ணாக்கை உடைத்துப் பிசைந்து, குளத்தின் வடகரையில் மருதமரத்தடியில், வேர் இறங்கிய ஆழத்தில் போட்டான். அன்று மீன் வந்தது. தண்ணீர் சிலிர்த்தது. பின்னால் ஒரு கரிய முதுகு எழும்பி அமர்ந்ததையும் கண்டான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ஏரம்பரும் கண்டுவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர், நல்ல மனிதர், வீட்டில் ஏழு வாய். குளக்கட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உது பிண்ணாக்கல்லோ சீவரத்தினம்."

"ஓம் அண்ணை. மீனுக்கு."

"சனம் தின்னுற சாமானைத் தண்ணிக்குள்ளை எறியிறாய். என்ரை கடைக்குட்டி காலமையிலிருந்து ஒண்டும் தின்னேல்லை. எனக்குத் தந்திருக்கலாம். நான் உனக்கு என்ன பகை?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சீவரத்தினமும் திருப்பிப் போட்டிருப்பான். மிஞ்சியிருந்த உருண்டையை அவரிடம் நீட்டினான். அதில் மண் கலந்திருந்தது. ஏரம்பர் அதைப் பார்த்துவிட்டு, வாங்காமல் போனார். அதற்குப் பிறகு குளத்துப் பக்கம் இரை கொண்டுபோக அவனுக்கு முகம் இருக்கவில்லை, கொண்டுபோக இரையும் இருக்கவில்லை.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் குணலட்சுமி அந்த அரிசி முடிச்சை எடுத்து அவன் கையில் தந்தாள்.

"இது அம்மாவுக்கு. ஒரு மணி குறையாமல் அவவுக்கே போகவேணும். எனக்குக் கஞ்சி வைக்கிறன் எண்டு எடுத்துப்போடாதேங்கோ."

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தை அவன் துரத்தவில்லை, அதுதான் அவன் செய்த குற்றம். அந்தப் பஞ்ச வருஷத்தில் ஊர் பார்த்திருக்க, ஒருவரும் ஒரு சொல் சொல்லாமல், தண்ணீரில் போடக்கூடிய சோறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செத்தவர்களின் சோறு.

வழக்கமாய்க் கடமை செய்கிற கீரிமலைக் கடற்கரைக்குப் போக வண்டி வசதி இல்லையென்று அந்தியேட்டியை ஊர்க் குளத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இரத்தினம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, மருமகன்தான் கடமை செய்தான். விடிய எழும்பி, முழுகி, ஈரவேட்டியோடு கல் அடுப்பில் அந்தச் சோற்றை ஆக்கினான். மணம் எழும்பியபோது குருக்களும் ஒரு நிமிஷம் மந்திரத்தை விட்டுவிட்டு மூச்சை இழுத்தார். எள்ளும் ஒரு துளி நெய்யும் சேர்த்துப் பிசைந்தான். இதைப்போல ஓர் இரையை வன்னியிலும் கண்டதில்லை என்று அவன் மனம் சொல்லிற்று. சொன்ன மனத்தை அடிக்கவேண்டும்போல இருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. மடியில் முடிந்து வைத்திருந்த புற்றுமண்ணில் ஒரு பிடி எடுத்து, குருக்கள் தர்ப்பை எடுக்கத் திரும்பிய நேரம், பிண்டத்துக்குள் வைத்து அமத்தினான்.

"படித்துறையிலை இறங்கும்" என்றார் குருக்கள்.

"அங்கை சேறு ஐயா. மருதடியிலை தண்ணி தெளிவு."

"சரி. நெஞ்சளவுக்குப் போம். முதுகுப் பக்கமாய் விட்டிட்டு முழுகும். திரும்பிப் பாராமல் வாரும். பார்த்தால் போன சீவன் போகாது, உம்மைப் பார்த்துக்கொண்டு நிக்கும்."

அவன் இறங்கினான். தலைக்கு மேலால் பிண்டத்தைப் பின்புறமாக விட்டான். மண் சேர்ந்த உருண்டை 'தொபுக்' என்று நேரே அமிழ்ந்தது. முழுகினான். தண்ணீருக்குள்ளேயே கண்ணை விழித்துத் திரும்பிப் பார்த்தான். வெள்ளையாய் ஒன்று ஆழத்துக்குப் போவதும், சின்னச் சின்ன வெளிச்சங்கள் அதைச் சுற்றிக்கொள்வதும் தெரிந்தன. எழும்பிக் கரைக்கு வரும்போது, "இரத்தினம்மா கரையேறிவிட்டா" என்று குருக்கள் சொன்னார். சீவரத்தினம் தலையாட்டினான்.

ஆட்கள் கலைந்த பிறகு, மருதங்கொப்பில் செருகி வைத்திருந்த தூண்டிலை எடுத்தான். நாலு நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்கு முன் விரால் அகப்பட்டது. முழங்கை நீளம்.

பத்மாவதி, இரத்தினம்மாவின் தங்கை, குணலட்சுமிக்குக் குஞ்சம்மா, கிணற்றடியில் இருந்து சாம்பல் போட்டு அதன் வழுவழுப்பைத் தேய்த்தாள். குணலட்சுமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் இருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு. "நல்ல மீன்" என்றாள். "அம்மாவும் சரியான நேரத்திலை கரையேறி வழிவிட்டிட்டா."

பத்மாவதி வயிற்றைக் கீறினாள். உள்ளே இரண்டு கெண்டைகள் முழுசாய்க் கிடந்தன. அவற்றின் வயிறு வெடித்திருந்தது. சோறும் எள்ளும் சிவப்பு மண்ணும் கத்தியோடு வழிந்தன. பத்மாவதி சட்டென்று சாம்பலை அள்ளி மேலே போட்டாள். குணலட்சுமி எழும்பி வந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு எங்கை விட்டனீங்கள்?"

பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது.

"மருதடியிலை."

"இதை எங்கை பிடிச்சனீங்கள்?"

"அங்கைதான்."

அவள் குனிந்து சாம்பலை விலக்கி, ஒரு விரலால் அந்த மண்ணைத் தொட்டாள். "எள்ளுச் சரி. சோத்துக்குள்ளை புத்துமண் ஏன்?"

"அமிழுறதுக்கு."

பத்மாவதி தலையில் கைவைத்துக்கொண்டாள். குணலட்சுமி அழுவாள், ஏசுவாள், மீனைத் தூக்கி வீசுவாள் என்று அவன் காத்து நின்றான். வீசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் விரலைச் சேலையில் துடைத்தாள்.

"அம்மா உயிரோடை இருக்கேக்கையும் தன்ரை பங்கைத் தான் தின்னேல்லை" என்றாள். "சமையுங்கோ குஞ்சம்மா."

அவள் முழுவதையும் தின்றாள். இரசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். ஒவ்வொரு வாயையும் விழுங்க அவள் தொண்டை மறுத்ததையும், அவள் அதை மல்லுக்கட்டி இறக்கியதையும் சீவரத்தினம் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தான். தன் பிள்ளைக்காகத்தானே செய்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் அது அவனுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

மறுநாள் பிள்ளை முலையைப் பற்றியது, இழுக்கப் பலமில்லாமல் விட்டது. அதற்கடுத்த நாள் விடியற்காலை அது முனகவில்லை. பெயர் வைக்காத பிள்ளைக்குக் கிரியை இல்லை, எட்டாம் நாள் சடங்கு இல்லை, அந்தியேட்டி இல்லை, பிண்டமும் இல்லை. தோட்டத்து வேலியோரம் மூன்றடி வெட்டி, பழஞ்சேலையில் சுற்றி வைத்துவிட்டு வந்தான். ஏரம்பர்தான் மண்வெட்டி பிடித்தார்.

அன்று பின்னேரம் குணலட்சுமிக்குப் பால் வந்தது.

பரியாரியார் பொய் சொல்லவில்லை, விராலும் பொய் சொல்லவில்லை. சேலை நனைந்து வழிந்தது. இரவெல்லாம் நெஞ்சு கட்டி அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் பத்மாவதி ஒரு சிரட்டையைக் கொடுத்துப் பீச்சி எடுக்கச் சொன்னாள். தாய்ப்பாலைக் கால் மிதிபடும் இடத்தில் ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் விடவேண்டும் என்றும் சொன்னாள்.

குணலட்சுமி சிரட்டையைக் கணவனிடம் நீட்டினாள். மூன்று நாளாய் அவள் அவனோடு கதைக்கவில்லை.

"எவடத்திலை விடுறது?" என்று கேட்டான்.

"உங்களுக்குத்தானே இடம் தெரியும்."

அவன் மருதடிக்குப் போனான். நெஞ்சளவு இறங்கி, சிரட்டையைச் சரித்தான். வெள்ளை மெல்லப் பரந்தது. கெண்டைகள் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெறும் சிரட்டையோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

பால் வற்ற எட்டு நாள் எடுத்தது. எட்டு நாளும் விடியக் காலமை அவள் சிரட்டையைத் தந்தாள், அவன் கொண்டுபோய் அதே இடத்தில் விட்டான். நாலாம் நாள் அவன் குளத்துக்கு வரும்போது, மீன் முன்னமே வந்து நின்றது.