தாடைக்கட்டு

"அந்தக் கட்ட மட்டும் அவுத்துட்டா நல்லாருக்கும், சிஸ்டர்" என்றான் திலீபன்.

அமுதவள்ளி அப்போதுதான் முடிச்சைப் போட்டு முடித்திருந்தாள். அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துணி. தாடைக்கு அடியில் கொடுத்து, காதோரமாக ஏற்றி, உச்சந்தலையில் முடிந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டி அனுப்பியது வரும் வழியிலேயே தளர்ந்து, அப்பா காத்தவராயனின் வாய் பிளந்துகொண்டிருந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விருத்தாசலம் வந்து இறங்கிய மகள், அழுவதற்கு முன்னால் செய்த காரியம் அதுதான்.

"எதுக்கு அவுக்கணும்?"

"இல்ல, ஆடியன்ஸுக்கு அப்பாவ இப்பிடிப் பாத்துப் பழக்கமில்ல. அந்த வாய்தானே அவரோட அடையாளம்? மூடிக் கட்டியிருந்தா வேற யாரோ மாதிரி தெரியறாரு."

அவளுக்கோ, பல நாளைக்குப் பிறகு இப்போதுதான் அப்பா அப்பாவாகத் தெரிந்தார். அதை இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இழவுக்கென்றே இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில் வந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பெற்ற பிள்ளைகளைவிட அழுத்தமாக 'அப்பா' என்றான்.

"கட்டு இருக்கட்டும்" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, ஏதோ முக்கியமான போன் வந்ததுபோல நகர்ந்தான்.

காத்தவராயன் பீங்கான் எஸ்டேட்டில் மின்சாரப் பெட்டிக்கான பியூஸ் கேரியர் செய்யும் யூனிட் ஒன்றில் சூளைக்குச் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். ஓர் ஆயுத பூஜையன்று யூனிட்டில் பிரியாணி போட்டார்கள். கூட வேலை செய்தவன் பந்தயம் கட்ட, இவரும் வீம்புக்கு உட்கார்ந்து ஒரு குண்டானைக் காலி செய்தார். அதை எவனோ போனில் பிடித்துப் போட்டான். ஊர் உலகமெல்லாம் பார்த்தது. மறு மாசமே சென்னையிலிருந்து கார் வந்தது. காரிலிருந்து இறங்கிய திலீபன் நேராக வந்து அப்பாவின் காலில் விழுந்தான்.

திலீபனின் கம்பெனி யூடியூப் சேனல் தொடங்கி, அதற்குக் 'கவளம்' என்று பேர் வைத்தது. வீட்டு வேப்பமரத்தடியில் பாய் போட்டு, தலைவாழை இலை போட்டு, அப்பாவை உட்காரவைத்தார்கள். சமைப்பது அம்மா ராணி. அப்பா முதல் கவளத்தை உருட்டிக் காமிராவுக்கு நேரே நீட்டி, "ஒங்களுக்கும் ஒரு வாய்!" என்பார். பிறகு அண்டாவைக் காலி செய்து, கடைசிக் கவளத்திலும் அதையே சொல்ல வேண்டும். பத்தியச் சோறு தின்கிறவர்களும் பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கிறவர்களும் அதைப் பார்த்து, மனசு நிறைந்துவிட்டது என்று எழுதினார்கள். மசாலா கம்பெனிக்காரன் அப்பாவின் முகத்தைப் பாக்கெட்டில் அச்சடித்தான்.

அமுதவள்ளி ஒரே ஒரு தடவை படப்பிடிப்பைக் கூட இருந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ஆட்டுத்தலைக் குழம்பும் அவித்த முட்டையும். பாதியில் "கட்" என்றான் திலீபன். தம்பி பாரி நீல வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பின்பக்கம் ஓடினான். அப்பா தொண்டைக்குள் விரலை விட்டார். வாளி நிறைந்தது. வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, கண்ணெல்லாம் நீராக வந்து மறுபடி இலை முன்னால் உட்கார்ந்தார். ஒரு பெண் ஓடிவந்து, சின்னத் தூரிகையால் குழம்பைத் தொட்டு, அவர் மீசையில் முன்பு இருந்த அதே இடத்தில் தடவினாள். இல்லாவிட்டால் முன் காட்சியோடு சேராதாம். அப்பா சின்னப் பிள்ளை பவுடர் போட்டுக்கொள்வதுபோல முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வெகுநாள் அமுதவள்ளியால் முட்டையைத் தொட முடியவில்லை.

"வுட்டுடுப்பா, யூனிட்டுக்கே போயிடு" என்று அன்றே சொன்னாள்.

"எங்கம்மா வுடறது? கையெழுத்து வாங்கிட்டாங்களே. பேரும் அவங்களுதாம், மூஞ்சியும் அவங்களுதாம். யூனிட்டுல போயி நிக்கறப்ப எவனாச்சும் போட்டோ எடுத்துப் போட்டா, அதுக்கும் கேஸ் போடுவாங்களாம்." அப்பா சிரித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார்.

தாடை வலி அவருக்கு ஓயவே இல்லை. படுக்கும்போது அம்மா அவர் பழைய வேட்டியில் கிழித்த துணியைச் சட்டியில் சூடு காட்டி, அப்பா தாடையைச் சுற்றிக் கட்டிவிடுவாள். இன்றைக்கு அமுதவள்ளி கிழித்தது அந்த வேட்டியின் மிச்சம்தான்.

நேற்று நடந்ததை அம்மா காலையில் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"நெஞ்ச அடைக்குதுன்னாரு. கடைசில பேசறத மட்டும் பேசிக் குடுத்துடுங்கப்பா, ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிடலாம்னாரு அந்தத் திலீபன் தம்பி. இவரும் கவளத்தத் தூக்கி, ஒங்களுக்கும் ஒரு வாயின்னாரு. கை ஆடுச்சி. அப்பறந்தான் கார எடுத்தாங்க."

தெருமுனையில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே அப்பா ஆவென்று வாயைத் திறந்து கோழித்தொடையைக் கடிக்கப் போகிறார். மூலையில் மசாலா பாக்கெட். திலீபன் கம்பெனியிடம் வாய் மூடிய காத்தவராயனின் படம் ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. பெண்ணாடத்திலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ பையன்கள் பைக்கில் வந்தார்கள். மாலை போட்டார்கள். ஐஸ் பெட்டியோரம் குனிந்து, பிணத்தின் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். ஒருத்தன் கையைக் குவித்துக் காமிராவுக்கு நீட்டி, "ஒங்களுக்கும் ஒரு வாய்" என்று அழுகிற குரலில் சொன்னான். சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவையும் சொன்னான்.

உச்சி வேளையில் பறையடிப்பவர்கள் டீ குடிக்கப் போனார்கள். பந்தலில் சத்தம் அடங்கியது. அப்போதுதான் அது கேட்டது.

மெல்லுகிற சத்தம். எலும்பு நொறுங்கியது. உறிஞ்சினார். நாக்கைச் சப்புக் கொட்டினார். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருத்தனின் போனிலிருந்து வந்தது; அடுத்து இன்னொரு போன், அடுத்து நாலைந்து. ஒன்றுக்கொன்று முன்னேபின்னே, அப்பா பல வாய்களால் தின்றுகொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே தனி மைக் வைத்து எடுத்த சத்தம் அது. அதைக் கேட்கத்தான் பாதிக் கூட்டம் அந்தச் சேனலுக்கே வந்தது. தலைமாட்டில் குனிந்திருந்த ராணி சட்டென்று நிமிர்ந்து அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பிறகுதான் எதிரே பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தாள்.

அமுதவள்ளி எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனாள். திலீபன் அங்கே பாரியோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அத நிறுத்துங்க."

"அது தானா வர்ற வீடியோ, சிஸ்டர். போன வாரமே டைம் செட் பண்ணி வெச்சது. இப்ப எடுத்தா சேனல் அடி வாங்கிடும். கீழ எவ்ளோ பேரு அழுது எழுதியிருக்காங்க, பாருங்களேன்."

போனை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நானே ஒங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்" என்றான், குரலைத் தாழ்த்தி. "வாய்க்கரிசி போடறத மட்டும் நாங்க ஷூட் பண்ணிக்கறோம். 'கடைசிக் கவளம்'னு. எத்தன பேரு மனச நெறச்ச மனுஷன்! இன்னிக்கு ஊரே அவருக்கு ஊட்டுது. ஒதட்ட மட்டும் பக்கத்துல காட்டறோம், அரிசி வுழுது. அதுக்குத்தான் கட்ட அவுக்கச் சொன்னேன். அங்கேருந்து அப்பிடியே, அதே மரத்தடி, அதே எலை, பாரி மொத கவளத்த எடுக்கறாரு."

"பாரியா?"

"அப்பாவோட அதே சிரிப்பு அவருக்கு. கம்பெனியில எல்லாரும் சொல்றாங்க."

பாரி கம்பெனியின் படப்பிடிப்புக்கு விளக்குப் பிடிக்கிறவன். இப்போதும் கையில் அந்தத் தட்டை விளக்கு இருந்தது. ஒல்லியான பிள்ளை. தட்டில் போட்டதில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோகிறவன்.

"ஒத்துக்கிட்டியாடா?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"சொல்லலன்னா?"

பாரி தரையைப் பார்த்தான். "சொல்லலன்னா ஒத்துக்கிட்டதா வெச்சிக்குவாங்க. அப்பாகிட்டயும் அப்பிடித்தான்."

திலீபன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தான். சந்தையில் மாட்டின் முதுகைத் தடவிப் பார்க்கிறவனைப் போல இருந்தது அது. அமுதவள்ளி வாயில் ஊறிய எச்சிலை வேப்பமரத்தடியிலேயே துப்பினாள்.

உள்ளே ஆண்டாள் அத்தை முறத்தில் அரிசியைக் கொட்டி மஞ்சள் கலந்துகொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. இழவு வீட்டுச் சடங்கு ஒன்று தப்பினாலும் செத்தவனையே எழுப்பிக் கேள்வி கேட்கிற ஆள்.

"வாய்க்கரிசி வேணாம் அத்த" என்றாள் அமுதவள்ளி.

"என்னாடி பேசற? புத்தி கெட்டுப்போச்சா?"

"அவரு தின்னது போதாதா? இன்னமும் அந்த வாயில போடணுமா? அவனுங்க அதப் படம் புடிச்சி விக்கப் போறானுங்க அத்த."

ஆண்டாள் அரிசியைக் கலந்த கையை நிறுத்தினாள். சண்டைக்குத்தான் வாயைத் திறந்தாள். வெளியே எவனுடைய போனிலோ காத்தவராயன் எலும்பை உறிஞ்சுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது.

"அவன் எங்கடி தின்னான்? திணிச்சானுங்க" என்றாள். கண்ணைத் துடைத்தபோது மஞ்சள் கன்னத்தில் அப்பியது. "இது நாம போடறது. இது இல்லாம எந்தம்பிய அனுப்ப மாட்டேன். அவனுங்கள என்னா பண்ணணுமோ நீ பண்ணு."

பறை மறுபடி முழங்கியது. எடுக்கும் நேரமாகிவிட்டது. பெட்டியிலிருந்து இறக்கி, குளிப்பாட்டி, புதுவேட்டி போர்த்தி வாசலில் கிடத்தினார்கள். பெண்கள் இங்கே போட வேண்டும். ஆண்கள் மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டில் போடுவார்கள். காமிராக்காரன் ஸ்டூல்மேல் ஏறி நின்றான். பாரி விளக்கை உயர்த்தினான். சாவு வீட்டு வாசல் கல்யாண மேடைபோலப் பளிச்சென்று ஆனது.

ஆண்டாள் முதல் பிடி அரிசியை அள்ளினாள்.

"ஒரு நிமிஷம்மா" என்று குனிந்தான் திலீபன். யாரும் தடுப்பதற்குள் இரண்டு விரலால் துணியைத் தள்ளி, தாடைக்குக் கீழே இறக்கிவிட்டான். வாய் மெல்லத் திறந்தது. வெளிச்சம் உள்ளே போயிற்று. காய்ந்த நாக்கு தெரிந்தது. காமிராக்காரன் ஸ்டூலில் இன்னும் முன்னால் சாய்ந்தான்.

அமுதவள்ளி அப்பாவின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

ஜில்லென்றிருந்தது. மீசை மயிர் கையில் குத்தியது. குழம்பு நாற்றம் இல்லை, மஞ்சளும் பன்னீரும்தான். இன்னொரு கையால் தாடையை ஏந்திக்கொண்டு, அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், கைய கொஞ்சம்..."

"போடுங்க அத்த" என்றாள் அமுதவள்ளி.

ஆண்டாள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அரிசியை அமுதவள்ளியின் புறங்கையில் போட்டாள். மூன்று தரம், முறைப்படி.

"சிஸ்டர், ப்ளீஸ். எல்லாம் பேசி வெச்சதுதானே? பாரி, நீங்களாச்சும் சொல்லுங்க."

"யோவ்!" ஆண்டாள் திரும்பினாள். "பெத்த பொண்ணு கைய எடுன்னு சொல்ல நீ யாருய்யா? அந்தாண்ட போய் நில்லு. இல்ல, இந்த அரிசி ஒன் வாயில வுழும்."

ராணி வந்து போட்டாள். பங்காளி வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அரிசி அவள் கைமேல் குவிந்து, விரலிடுக்கில் நிரம்பி, வளையலில் பட்டுச் சிதறியது. கை மரத்தது. அவள் அசையவில்லை.

"தூக்கலாம்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெருமுனைக்கு மேல் பெண்கள் போக முடியாது. சுடுகாட்டுக்குக் காமிரா போகும். திலீபனுக்கும் அது தெரிந்திருந்தது. "பரவால்ல, அங்க போயி எடுத்துக்கலாம்" என்று அவன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். முகத்துக்கு நேரே விளக்கு. அவன் தெரியவில்லை. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வெளிச்சம் விலகியது. பாரி விளக்கை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரே மண்டிபோட்டான். அவள் உள்ளங்கைக்கு அடியில் தன் கையை நுழைத்தான்.

"நீ கைய எடுத்துக்கக்கா" என்றான்.

அவள் கையை எடுத்தாள். அரிசி அவன் கைமேல் விழுந்தது.

"கொள்ளிச்சட்டிய யாருடா புடிக்கறது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

"சித்தப்பா புடிக்கட்டும்" என்றான் பாரி, தலை நிமிராமல்.

வண்டியில் அப்பாவின் பக்கத்தில் அவன் அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டான். பின்னால் கம்பெனிக் கார் கிளம்பியது. வண்டி தெருமுனைக்குப் போய், வாய் திறந்து நின்ற பிளெக்ஸைக் கடந்து ஆற்றுப் பக்கம் திரும்பியது. அதுவரை பாரி கையை எடுக்கவில்லை. பெண்கள் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

வீட்டுக்குள் ஆண்டாள் அத்தை அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள். வாசலைக் கழுவ வேண்டும். பாத்ரூம் ஓரம் நீல வாளி கவிழ்ந்து கிடந்தது. அமுதவள்ளி அதைத் தாண்டிப் போய்க் குடத்தை எடுத்தாள். வேப்பமரத்தடியில், தம்பி வைத்துவிட்டுப் போன விளக்கு வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க எங்கே அழுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனாள்.